தள்ளுதலும் தள்ளிவைத்தலும்: ஆங்கிலத் தொடர்வினைகளைக் கற்பிக்கும் தமிழ் நூல்கள் குறித்து

சில ஆண்டுகளுக்கு முன்னர் மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றில் ஓர் எளிய ஆங்கிலத் தொடர் கொடுக்கப்பட்டது. மனு ஒன்றின் மீதான விசாரணையைக் குழு பிறிதொரு நாளுக்குத் தள்ளிவைத்தது என்பது அதன் பொருள். வினை ‘புட் ஆஃப்’. பட்டப்படிப்பை முடித்துவந்த பயிற்சியாளர் ஒருவர் அதனை ‘மனுவைக் குழு தள்ளுபடி செய்தது’ என்று பெயர்த்திருந்தார். மனு கொடுத்தவரின் நிலையிலிருந்து பார்த்தால் இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. ஒன்றில் மனு உயிரோடிருக்கிறது. மற்றொன்றில் அது முடிந்துபோயிற்று. எவ்வாறு இப்பொருள் கொண்டார் என்று வினவியபோது அவர் தம் குறிப்பேட்டைக் காட்டினார். ஆங்கிலம் கற்பிக்கும் வழிகாட்டி நூல் ஒன்றிலிருந்து படியெடுத்த பட்டியல் அதில் இருந்தது. ‘புட் ஆஃப் – தள்ளு’ என்பது அப்பட்டியலின் பதிவு.

இக்கட்டுரை அப்பயிற்சியாளரைக் குறைகூற எழுந்ததன்று. அவர் கையிலிருந்த பட்டியலையும், அத்தகைய பட்டியல்களுக்கு அடிப்படையான மொழிக்கொள்கையையும் திறனாய்வதே இதன் நோக்கம். ‘தள்ளு’ என்பதற்கும் ‘தள்ளிவை’ என்பதற்கும் உள்ள வேறுபாடு ‘வை’ என்னும் ஒரு சொல்லே. ஆங்கிலத்தில் ‘ஆஃப்’ என்னும் சிறு சொல் செய்யும் வேலையைத் தமிழில் அந்த ‘வை’ செய்கிறது. பட்டியலை ஆக்கியவர் இடம் குறையட்டும் என்று அதனை நறுக்கிவிட்டார். நறுக்கப்பட்ட இடத்தில் பயிற்சியாளர் தாமறிந்த ‘படி’யை ஒட்டிக்கொண்டார். ஆங்கிலத் தொடர்வினைகளைத் தமிழர் கற்பதற்கு வேண்டிய அறிவு அவர்தம் தாய்மொழியின் துணைவினை அமைப்பிலேயே உள்ளது என்பதும், நம் கற்பிப்பு நூல்கள் அதனைக் காணாது கடந்து செல்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கலைச்சொல் குறித்து ஒரு சொல். வினையும் அதன்பின் வரும் சிறுசொல்லும் சேர்ந்து ஒரு பொருள் தரும் ஆங்கில அமைப்பைத் தமிழில் ‘சொற்றொடர் வினை’ என்றும் ‘கூட்டுவினை’ என்றும் வழங்குவதுண்டு. கூட்டுவினை என்பது தமிழ் இலக்கண ஆய்வில் வேறு பொருளில் நிலைத்துவிட்டமையால் இங்குத் ‘தொடர்வினை’ என்னும் சொல் ஆளப்படுகிறது. ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ முதலிய சிறுசொற்களைப் ‘பின்சொல்’ என்க. அவற்றை இடைச்சொல் எனலாமே எனில், அவை தனித்து நின்றும் திசைப்பொருள் தருதலின் தமிழ் இலக்கணிகள் கூறும் இடைச்சொல்லோடு முற்றும் பொருந்தா.

பட்டியல் நூல்களின் இயல்பு

பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் கிடைக்கும் ஆங்கில வழிகாட்டி நூல்களைப் புரட்டியவர்கள் இவ்வமைப்பை அறிவர். முதற்பத்தியில் ஆங்கிலத் தொடர், இரண்டாவதில் தமிழெழுத்தில் ஒலிப்பு, மூன்றாவதில் பொருள். அடுக்கு முறை வினையின் அகரவரிசை. ஆகவே ‘பிரேக் அப்’ ஒரு பக்கத்திலும் ‘கிவ் அப்’ வேறொரு பக்கத்திலும் ‘யூஸ் அப்’ நூலின் இறுதியிலும் இடம்பெறுகின்றன. மூன்றிலும் உள்ள ‘அப்’ ஒருபொருள் உடையதா, பல பொருள் உடையதா என்னும் வினா கற்பவர் மனத்தில் எழுவதற்கே வாய்ப்பில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே நெட்டுருச் செய்யப்படவேண்டிய கல்லாகிவிடுகிறது. மூன்றாம் பத்தியில் ஒரு சொல்லுக்கு மேல் இடமில்லை என்பது இந்நூல்களின் எழுதப்படாத விதி. எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் நூல்கள் சில உள. அவை நன்மை செய்கின்றன.

ஆங்கில நாட்டு அகராதியாளர்கள் இக்குறையை உணர்ந்து நெடுநாளாயிற்று. கௌவியும் மாக்கினும் 1975இல் வெளியிட்ட மரபுத்தொடர் அகராதியின் முதல் தொகுதி முழுவதும் வினையோடு முன்னிடைச்சொல்லும் பின்சொல்லும் சேரும் தொடர்களுக்கே ஒதுக்கப்பட்டது. 1989இல் வந்த கோபில்டு தொடர்வினை அகராதி, வினைவரிசையோடு நில்லாது, பின்சொற்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எவ்வெப் பொருளில் எவ்வெவ் வினைகளோடு வருகிறது என்று காட்டும் தனி அடைவு ஒன்றையும் சேர்த்தது. கற்பித்தலில் இது பெரிய மாற்றம். ஆயின் நம் வழிகாட்டி நூல்களில் அதன் தடம் காணப்படவில்லை.

‘எளிய’ சொற்களின் கடுமை

சிறிய சொற்கள் எளியவை என்னும் எண்ணம் பட்டியல் நூல்களுக்கு மட்டும் உரியதன்று. அதற்கு மதிப்புமிக்க முன்னோடி உண்டு. 1930இல் சி. கே. ஆக்டன் வகுத்த ‘அடிப்படை ஆங்கிலம்’ 850 சொற்களில் அடங்கியது. அதில் வினைகள் 18 மட்டுமே. கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், டேக் முதலியவற்றோடு திசைச்சொற்களைச் சேர்த்தால் ஆயிரக்கணக்கான வினைகளின் வேலையைச் செய்துவிடலாம் என்பது அவர் துணிபு. 1943இல் சர்ச்சில் ஹார்வர்டு பல்கலைக்கழக உரையில் இத்திட்டத்தைப் போற்றினார்.

கணக்கு சரிதான்; ஆனால் கணக்கில் வராத ஒன்று உண்டு. ‘கிவ்’ தெரிந்தவர், ‘அப்’ தெரிந்தவர், ‘கிவ் அப்’ என்பதன் பொருளை அறிந்துவிடுவதில்லை. 850இல் ஒன்றும் கூடவில்லை என்று கணக்கர் எழுதலாம். கற்பவர் தலையில் ஒன்று கூடிவிட்டது. வங்காளத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், சொற்றொகையைக் கட்டுப்படுத்துவதில் தாமே ஈடுபாடு உடையவராயினும், ஆக்டனின் திட்டத்தைக் கடுமையாக மறுத்தார். சொற்களைக் குறைத்தால் மொழி எளிதாகும் என்று நம்புவோர் இவ்விவாதத்தை மறுபடியும் படிப்பது நன்று.

ஆங்கிலேயருக்கு இது தெரியாததன்று. சாமுவேல் ஜான்சன் தமது 1755ஆம் ஆண்டு அகராதியின் முன்னுரையில், வினையோடு பின்சொல் கூடிப் பொருள் வேறுபடும் இவ்வமைப்பே அயலார்க்கு மிகப் பெரிய இடர்ப்பாடு என்று குறித்து, அவற்றைக் கவனத்தோடு தொகுத்ததாகக் கூறுகிறார். ‘தொடர்வினை’க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் ஆண்டார். ஜான்சனுக்கும் அப்பெயருக்கும் இடையே 170 ஆண்டுகள். பெயரில்லாதிருந்த காலத்திலும் இடர்ப்பாடு இருந்தே வந்தது.

இடர்ப்பாட்டை எதிர்கொள்ளும் ஒருவழி, ஒதுங்கிச் செல்வது. தாகுட், லௌஃபர் என்னும் ஆய்வாளர் இருவர் 1985இல் ஈபுரு மொழியினரிடையே நடத்திய ஆய்வு, அம்மாணவர்கள் தொடர்வினையை விடுத்து ஒற்றைச்சொல் வினைகளையே நாடுகின்றனர் என்று காட்டியது. ஈபுருவில் தொடர்வினை இல்லாமையே காரணம் என்றனர். ஆனால் 1989இல் ஹல்ஸ்டைன், மார்ச்சேனா ஆகியோர் டச்சு மாணவர்களிடம் ஆய்ந்தபோது சிக்கல் இன்னும் நுட்பமானது என்று தெரிந்தது. டச்சு மொழியில் இத்தகைய வினைகள் உண்டு. ஆயினும் தம் மொழியைப் போலவே தோன்றும் மரபுப்பொருள் தொடர்களை அம்மாணவர்கள் ஐயத்தோடு விலக்கினர். தாய்மொழியில் இன்மை மட்டுமன்று, தாய்மொழியோடு ஒத்திருத்தலும் அச்சம் தரும் என்பது இதனால் போதரும்.

தமிழ் மாணவர் எப்பக்கம்? ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’, ‘ரிட்டர்ன்’, ‘இன்வெஸ்டிகேட்’ என்று இலத்தீன் வழிவந்த சொற்களையே அவர் எழுதுகிறார். பேச்சிலும் அவற்றையே பேசுகிறார். கேட்போர்க்கு அது ஆணைக்கடிதம் ஒன்று நடந்துவந்து பேசுவது போலிருக்கும். இவ்வொதுங்கலைப் பள்ளிகளே வளர்க்கின்றன என்பது என் கருத்து. ஏனெனில் ஒற்றைச்சொல் வினைக்குத் தமிழ்ப்பொருள் தருவது ஆசிரியர்க்கு எளிது. ஒதுங்கிச் செல்பவர் இழப்பதோ மிகுதி. பிரித்தானியத் தேசியத் தரவகத்தை ஆராய்ந்த கார்ட்னரும் டேவிசும் 2007இல், 20 வினைகளும் 8 பின்சொற்களும் கூடும் 160 சேர்க்கைகளே அங்குள்ள தொடர்வினை ஆட்சிகளில் பாதிக்கு மேற்பட்டவை என்று கண்டனர். 2015இல் கார்னியேவும் ஷ்மிட்டும் மிகுதியாக வழங்கும் 150 தொடர்வினைகளைத் தெரிந்து அவற்றிற்கு 288 பொருள்களைக் குறித்தனர். அஃதாவது கற்கவேண்டியது கடலன்று. 288 என்னும் எண் ஒரு மாணவர் ஓராண்டில் எட்டக்கூடியதே.

தமிழில் வினைக்குப் பின் வருவன

இனித் தமிழ்ப் பக்கத்தை நோக்குவோம். பட்டியல்களில் கண்ட மேலும் சில பதிவுகளை எடுத்துக்கொள்வோம். ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்குக் ‘கவனி’ என்று பொருள். ‘புட் அப் வித்’ என்பதற்குப் ‘பொறு’ என்று பொருள். ‘ரைட் டௌன்’ என்பதற்கு ‘எழுது’ என்று பொருள். மூன்றும் தவறு, மூன்றும் ஒரே வகைத் தவறு. ‘குழந்தையைக் கவனி’ என்றால் அது என்ன செய்கிறது என்று பார் என்பதாகும்; வளர்க்கும் பொறுப்பைச் சொல்ல வேண்டின் ‘கவனித்துக்கொள்’ என்கிறோம். ‘பொறு’ என்றால் சற்று நில் என்று பொருள்; துன்பத்தைத் தாங்குதல் ‘பொறுத்துக்கொள்’ ஆகும். ‘எழுது’ வெறும் எழுதுதல். பின்னர் வேண்டியிருக்கும் என்று தாளில் பதித்தல் ‘எழுதிவை’ அல்லது ‘எழுதிக்கொள்’. தமிழில் பேசும்போது ஒருவரும் இவற்றை மயங்குவதில்லை. ஆங்கிலத்திற்குப் பொருள் எழுதும்போது மட்டும் பின்வரும் வினையை மிகையென்று கருதி வெட்டுகிறோம்.

தமிழ்ப் பேச்சில் எச்சத்தின் பின் வந்து நிற்கும் இவ்வினைகள் குறித்து நல்ல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. இ. அண்ணாமலை 1985இல் தமிழ் வினைகளின் விரிவாக்கம் பற்றி எழுதிய ஆங்கில நூல் அவற்றுள் முதன்மையானது. தாமஸ் லேமன் 1989இலும் ஹெரால்டு ஷிஃப்மன் 1999இலும் வெளியிட்ட இலக்கணங்கள் இவற்றை விரிவாகப் பேசுகின்றன. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி துணைவினைகளைத் தனிப் பதிவுகளாகத் தந்து பொருள் விளக்கியது. 2008, 2020 பதிப்புகளிலும் அம்முறை தொடர்கிறது. இத்துணைக் கருவிகள் தமிழ்பற்றி இருந்தும், தமிழர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் நூல்களுள் ஒன்றும் இவற்றின் பக்கம் திரும்பவில்லை. இரு துறையினரும் ஒரே கட்டடத்தில் பணியாற்றினாலும் பேசிக்கொள்வதில்லை போலும்!

தமிழில் இருவகைச் சேர்க்கைகள் உள. ஒன்று இறுகியது. ‘காட்டிக்கொடு’ என்பதில் காட்டுதலும் இல்லை, கொடுத்தலும் இல்லை. இரண்டும் கூடி இரண்டகம் என்னும் பொருள் தருகின்றன. ‘விட்டுக்கொடு’, ‘ஒத்துப்போ’, ‘தட்டிக்கழி’ என்பனவும் இவ்வகையின. மற்றொன்று நெகிழ்ந்தது. ‘சாப்பிட்டுவிடு’, ‘படித்துவிடு’, ‘எழுதித்தள்ளு’ என எவ்வினையோடும் பெரும்பாலும் சேர்ந்து, செயல் முடிவுற்றதையோ பெருகியதையோ உணர்த்துவது.

ஆங்கிலத் தொடர்வினைகளும் இவ்வாறே இருவகைப்படும். ‘கிவ் இன்’ இறுகியது. அதன் தமிழ் ‘விட்டுக்கொடு’. ‘கிவ் அவே’ ஒரு பொருளில் ‘கொடுத்துவிடு’, மற்றொரு பொருளில் ‘காட்டிக்கொடு’. ஒருவரை மறைவிடத்திலிருந்து வெளிப்படுத்துவதற்கு ஆங்கிலரும் கொடுத்தல் வினையையே ஆள்கின்றனர், நாமும் அதனையே ஆள்கிறோம் என்பது வியப்புக்குரியது. ‘கிவ் அப்’ என்பது ‘விட்டுவிடு’. பட்டியல் நூலில் ‘விடு’ என்று மட்டும் இருக்கும். நெகிழ்ந்த வகையில் ‘ஈட் அப்’ என்பது ‘தின்றுதீர்’. ‘டேர் அப்’ என்பது ‘கிழித்துப்போடு’. ‘டேஷ் ஆஃப்’ என்று கடிதத்தைச் சொன்னால் ‘எழுதித்தள்ளு’. ‘டாக் ஆன்’ என்பது ‘பேசிக்கொண்டே போ’.

போலிங்கர் 1971இல் எழுதிய தொடர்வினை நூலும், சூசன் லிண்ட்னர் 1981இல் ‘அவுட்’, ‘அப்’ என்னும் இரண்டை மட்டும் எடுத்து ஆய்ந்த ஆய்வேடும் பின்சொல் பொருளற்ற ஒட்டன்று என்று தெளிவாக்கின. மேல்நோக்கிச் சென்று எல்லையைத் தொடுதல் என்னும் இடப்பொருளிலிருந்து நிறைவுப் பொருள் கிளைக்கிறது. ஆங்கிலம் இப்பொருளை இடத்தினின்று பெறுகிறது: மேல், கீழ், வெளி, அப்பால். தமிழ் பெரும்பாலும் கையின் செயல்களிலிருந்து பெறுகிறது: வை, போடு, விடு, கொள், கொடு, தள்ளு. வெவ்வேறு ஊற்றுகளிலிருந்து வந்த இரு கால்வாய்கள் ஒரே வயலுக்குப் பாய்கின்றன. இவ்வொப்புமையை ஒருநாள் வகுப்பில் விளக்கினால், முன்னர்க் கூறிய பயிற்சியாளர் போன்றோர் பட்டியலைத் தாமே திருத்திக்கொள்வர். ‘தள்ளிவை’ என்பதில் ‘வை’ என்ன செய்கிறது என்று அவரையே கேட்டபோது, ‘திரும்ப எடுக்கலாம் என்று சொல்கிறது’ என்று விடை வந்தது. எந்த இலக்கண நூலும் அவர்க்கு அதனைக் கற்பித்ததில்லை.

ஒப்புமையின் எல்லை

ஒப்புமை சமன்பாடு ஆகிவிடலாகாது. பட்டியல் நூல்களின் குறையை நீக்கப் புகுந்து ‘அப் என்பது விடு’ என்று புதிய பட்டியல் ஒன்றை ஆக்கினால் நாமும் அக்குழியில் விழுவோம்.

‘விடு’ ஏறக்குறைய எவ்வினையோடும் சேரும். ஆங்கிலப் பின்சொல்லோ வினையைத் தெரிந்தே சேரும். ‘ஈட் அப்’ உண்டு என்பதால் ‘ரீட் அப்’ என்று முடித்துவிடுதலைச் சொல்லவியலாது. அத்தொடர்க்கு வேறு பொருள். தமிழ்த் துணைவினைகள் பலவற்றில் பேசுவோரின் மனநிலை கலந்திருக்கும். ‘போய்த்தொலை’ என்பதில் உள்ள எரிச்சலையும் ‘விற்றுத்தொலைத்தான்’ என்பதில் உள்ள சலிப்பையும் ஆங்கிலப் பின்சொல் ஏந்தாது. ‘செல் ஆஃப்’ என்பது உணர்ச்சியற்ற வணிகச்சொல். மொழிபெயர்ப்பாளர் அங்கே வேறு கருவி தேடவேண்டும்.

எதிர்மறையில் வேறுபாடு கூர்மையாகிறது. ‘விழுந்துவிடாதே’ என்று தாய் சொல்லும்போது ‘விடு’ முடிவுப்பொருள் தருவதில்லை; நேரக்கூடாதது நேர்ந்துவிடுமோ என்னும் அச்சத்தையே தருகிறது. ‘ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை’ என்பதில் அது குறைத்துமதிக்கும் தொனியாகிறது. ‘டோண்ட் ஃபால் டௌன்’ என்பதிலுள்ள ‘டௌன்’ திசையை மட்டுமே சொல்கிறது. ஆகவே உடன்பாட்டில் பொருந்திய இணைகளை எதிர்மறையிலும் பொருத்திப் பார்த்தபின்பே ஒப்புமை கொள்ளத்தக்கது. காலச்சொல்லும் நல்ல உரைகல். ‘ஒரு மணி நேரத்தில் தின்றுதீர்த்தான்’ என்பது வழக்கு. ‘ஒரு மணி நேரமாகத் தின்றுதீர்த்தான்’ என்றால் செவி ஒப்பாது. ‘ஈட் அப்’ என்பதும் இவ்வாறே ‘இன்’ ஏற்கும், ‘ஃபார்’ ஏலாது. இங்கு இரு மொழிகளும் உடன்செல்கின்றன.

இனிச் சொல்வரிசை. செயப்படுபொருள் பின்சொல்லுக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம் என்று நூல்கள் விதி கூறி நிறுத்திவிடுகின்றன. பெயர்ச்சொல்லுக்கு அது பொருந்தும். ‘பிக் அப் த புக்’, ‘பிக் த புக் அப்’ இரண்டும் சரி. சுட்டுப்பெயருக்குப் பொருந்தாது. ‘பிக் இட் அப்’ என்பதே வழக்கு. ‘பிக் அப் இட்’ என்பது பிழை. முன்பே அறிந்த பொருளைச் சுட்டும் சொல் அழுத்தமின்றி நடுவே மறைந்து, அழுத்தம் பெறும் பின்சொல் இறுதியில் நிற்கிறது. ‘லுக் அட் இட்’ என்பதில் ‘அட்’ முன்னிடைச்சொல், அதற்கு அழுத்தமில்லை, ஆகவே அது இடம்பெயர்வதில்லை. விதியை மனனம் செய்வதினும் அழுத்தத்தைக் காதால் கேட்கப் பழக்குவது நலம். தமிழர்க்கு அறிந்த பொருளை நடுவே வைக்கும் பழக்கமில்லை, அதனை விட்டேவிடுவோம். ‘புத்தகம் எங்கே?’ என்றால் ‘எடுத்துவைத்துவிட்டேன்’ என்போம், ‘அதனை’ என்போமல்லோம். அதனாலேயே நம்மவர் ஆங்கிலத்தில் ‘ஐ வில் பிக் அப்’ என்று பொருளின்றி நிற்கும் வாக்கியங்கள் பிறக்கின்றன.

பேச்சில் புகுந்த பின்சொற்கள்

கற்பிப்பு நூல்களைப் பொருட்படுத்தாது தமிழ்ப் பேச்சு தானாகவே ஆங்கிலத் தொடர்வினைகளோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. தூய்மை நோக்கில் இதனைப் பழிப்போர் உளர். மொழியியலாளர் உற்றுநோக்க வேண்டிய இடம் இது. மேக்கப், லாக்கப், செட்டப், கெட்டப், பில்டப், பிக்கப் என்று பெயர்ச்சொற்களாக இவை நிலைபெற்றுள்ளன. ஒன்றேனும் வினையாக வரவில்லை. வினையாக்க வேண்டின் ‘பண்ணு’, ‘கொடு’, ‘ஆகு’ என்று தமிழ் வினை வந்து சேரும். ஆங்கிலத்தில் பெயராகும்போது அழுத்தம் முதற்சொல்லுக்கு மாறும்; தமிழ்க் காது பெற்றுக்கொண்டது இப்பெயர் வடிவத்தையே.

பொருளும் தமிழ்நாட்டில் புதிதாய் விளைந்திருக்கிறது. ‘வண்டிக்குப் பிக்கப் இல்லை’ என்னும் பழுதுபார்ப்பவரும், ‘ரொம்பப் பில்டப் கொடுக்கிறான்’ என்னும் கல்லூரி மாணவரும் ஆங்கிலத்தில் இல்லாத தொனிகளை அவற்றில் ஏற்றியுள்ளனர். ‘செட்டப்’ என்பது தமிழில் பெரும்பாலும் ஐயத்திற்குரிய ஏற்பாட்டையே குறிக்கும். இச்சொற்களின் தமிழ்ப்பொருளை அறிந்தவர் ஆங்கிலத்திலும் அதுவே பொருள் எனக் கொண்டு தடுமாறுவது இயல்பு. கற்பிப்போர் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும்.

இன்னும் நுட்பமானது ‘ஆஃப் பண்ணு’, ‘ஆன் பண்ணு’ என்னும் வழக்கு. ‘ஸ்விட்ச்’ என்னும் வினை உதிர்ந்துவிட்டது. பின்சொல் மட்டும் எஞ்சியது. பொருளின் கரு எங்கிருக்கிறது என்பதைப் படிக்காதவர் செவியும் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறது.

மரபுத்தொடரும் மங்கல வழக்கும்

மரபுத்தொடர்களைப் பொறுத்தவரை நூல்களின் குறை வேறு வகையது. பொருள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், தொனி இராது. ‘கிக் த பக்கெட்’ என்பதற்கு ‘இறந்துபோ’ என்று எழுதுகிறார்கள். அதனை நம்பி இரங்கற் கடிதத்தில் எழுதினால் நேர்வது என்ன? அதன் நேர்த்தமிழ் ‘மண்டையைப் போடு’. இரண்டும் ஒரே அளவு மரியாதைக் குறைவுடையவை. நன்னூலார் தகுதி வழக்கில் மங்கலத்தை வகுத்துக் காட்டிய மரபில் வந்தவர்க்கு, இறப்பைச் சொல்லும் சொற்களுக்குள் படிநிலை உண்டு என்று விளக்க வேண்டுவதில்லை. ‘பாஸ் அவே’ என்பதற்குக் ‘காலமானார்’ என்றும், ‘கிக் த பக்கெட்’ என்பதற்கு ‘மண்டையைப் போட்டான்’ என்றும் எழுதிவிட்டால் போதும். விகுதியே தொனியைக் கற்பித்துவிடும்.

‘ரெயின் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ என்பதை எல்லா நூல்களும் தவறாது தருகின்றன. அது இன்று ஆங்கிலர் வாயில் அரிதாகவே வருவது. பழமை மணம் உடையது. ‘நியூகாசிலுக்கு நிலக்கரி’ என்பதற்குக் ‘கொல்லன் தெருவில் ஊசி விற்பது’ என்று இணை தருவது பாராட்டத்தக்கது. இவ்வாறு தருவதற்கு ஆசிரியர் இரு மொழியிலும் வாழ்ந்திருக்கவேண்டும். மொழி அறக்கட்டளை 1997இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதி கையிலிருந்தால் இத்தகைய இணைகளைத் தேடுவது எளிதாகும்.

தமிழ்க்குப் பெயர்ந்துவந்த மரபுத்தொடர்கள் எல்லாம் ஒதுக்கத்தக்கன அல்ல. முதலைக் கண்ணீரும் பனிப்போரும் நம்முடையவாகிவிட்டன. ஆனால் ‘கறுப்பு ஆடு’ வழியில் பொருள் மாறியது. ஆங்கிலத்தில் அது குடும்பத்திற்கு இழுக்குத் தரும் ஒருவர், ஊரறிந்தவர். தமிழ் நாளிதழ்களில் அது துறைக்குள் ஒளிந்திருக்கும் கையாள், யாரும் அறியாதவர். தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்ப்போர் இதனை அப்படியே திருப்பி அனுப்பினால் செய்தி பிறழும்.

செய்தித்தமிழில் தொடர்வினைகளின் நிழலும் விழுந்துள்ளது. ‘கால் ஆன்’ என்பதைக் கண்டதும் ‘அழைப்பு விடுத்தார்’ என்று எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. எவரும் எங்கும் அழைக்கப்படவில்லை. அமைதி காக்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார் என்பதே செய்தி. ‘கேட்டுக்கொள்’ என்னும் நம் தொடரிலேயே ‘கொள்’ அமைந்து வேண்டுகோளின் தொனியைத் தந்துகொண்டிருந்தது. இலங்கைத் தமிழ் இதழ்களில் ‘விபத்து இடம்பெற்றது’ என்று வருவதும் ‘டேக் பிளேஸ்’ என்பதன் பெயர்ப்பாகலாம். அங்கு அது நிலைத்த வழக்காகிவிட்டமையால் பிழையெனல் பொருந்தாது. தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர்க்கோ ‘நடந்தது’ என்பதே போதும்.

ஒரு பதிவின் வடிவம்

குறைகூறிய அளவில் நில்லாது ‘புட் ஆஃப்’ என்பதற்கே ஒரு பதிவு எழுதிப் பார்க்கலாம். நிகழ்ச்சியையோ விசாரணையையோ எனின் தள்ளிவை, ஒத்திவை. ‘ஆஃப்’ காலத்தால் அப்பாற்படுத்துகிறது. ‘வை’ பின்னர் எடுக்கவிருப்பதைக் குறிக்கிறது. தள்ளு, தள்ளுபடி செய் என்பன ஆகா. அவை ‘டர்ன் டௌன்’, ‘டிஸ்மிஸ்’ என்பவற்றின் பொருள். ஆளை எனின் சாக்குச் சொல்லித் தட்டிக்கழி. ஒன்றன்மேல் விருப்பம் நீங்குதலைக் குறிப்பின், செயப்பாட்டில் பெரும்பாலும் வரும். மனம் விட்டுப்போயிற்று, அல்லது பேச்சில் மனசு விட்டுப்போச்சு. சுட்டுப்பெயர் நடுவே வரும்: ‘புட் இட் ஆஃப்’. தொனி பொது, அலுவல் எழுத்தில் ‘போஸ்ட்போன்’, ‘அட்ஜர்ன்’ மிகுதி.

இதற்கு ஐந்தாறு வரிகள் வேண்டியிருக்கின்றன. மூன்றாம் பத்தியில் ஒரு சொல்லுக்கான இடம் போதாது. 150 தொடர்வினைகளுக்கு இவ்வாறு எழுதினால் சிறு நூலொன்று ஆகும். பள்ளி மாணவர் பையில் அது சுமையாகாது. இப்பதிவைக் கண்ட நண்பர் ஒருவர் ‘இழுத்தடி’ என்பதையும் சேர்க்கலாமே என்றார். சேர்க்கலாகாது. தள்ளிவைப்பவர் ஒரு நாளைக் குறிக்கிறார், அல்லது குறிப்பதாகவேனும் காட்டிக்கொள்கிறார்; இழுத்தடிப்பவர்க்கு நாள் என்பதே இல்லை. அது ‘டிராக் அவுட்’ என்பதன் கீழே, ‘அவுட்’ நீட்சிப்பொருள் தரும் இடத்தில் வரவேண்டியது.